தாத்தா சொன்னதுக்கும் ஒரு விலாசம் வேணும்

தம்பி, உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். நம்ம ஏரியா பின்னி துணி மில் தொழிலாளிங்கள பத்தி, 1921 ஸ்ட்ரைக்ல இருந்து 1996ல மில்ல மூடுன வரைக்கும், இங்கிலீஷ்ல பிஎச்டி பண்ற, புளியந்தோப்பு பையன், உங்க தாத்தாவையும் சேத்து அஞ்சு பெரியவங்ககிட்ட பேசி போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்க, கூடவே திரு.வி.க. புத்தகம், எழும்பூர் ஆவணக் காப்பகத்துல எடுத்த பழைய ஜி.ஓ. (அரசாணை), மைக்ரோஃபிலிம்ல பாத்த சுதேசமித்திரன் பேப்பர், கைடு ஒரே வார்த்தையில ரெஃபரன்ஸ ஏபிஏ-ல போடுன்னுட்டார், மொத சாப்டர செக் பண்ணா 34 பர்சென்ட் சிமிலாரிட்டி, அதாவது மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போற அளவு, வந்துடுச்சு, எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலன்னு கேட்டிருக்க. நானும் இந்தப் பக்கம்தான், வியாசர்பாடி. எங்க பாட்டி மில்லு சங்கு ஊதுனா உலை வப்பாங்க, கடிகாரம் பாக்க மாட்டாங்க. பதினஞ்சு வருஷமா பசங்க தீசிஸ உக்காந்து திருத்திக் குடுக்குறேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படி.

மொதல்ல ஒண்ணு. கமா எங்க, புள்ளி எங்கன்னு பாக்குறது கடைசி வேல, அத ரெண்டு ராத்திரியில முடிச்சிடலாம். சைட்டேஷன், அதாவது ஒரு விஷயத்த எங்க இருந்து எடுத்தோம்னு காட்டுற குறிப்பு, அது விலாசம் பா. நீ எங்க நின்னு இந்த விஷயத்த பாத்தியோ அதே இடத்துல இன்னொருத்தர் வந்து நின்னு பாக்கணும், நீ சொன்னது சரியான்னு அவரே முடிவு பண்ணணும், அதுக்குத்தான் இவ்ளோ விவரம். தெரு பேரு மட்டும் எழுதி வீட்டு நம்பர் இல்லாத கவர் மாதிரிதான் பக்க எண் இல்லாத ரெஃபரன்ஸ், ஏரியா வரைக்கும் வரும், வீட்டுக்கு வராது.

அடுத்து உங்க கைடு சொன்ன ஏபிஏ. அது அமெரிக்க உளவியல் சங்கத்தோட முறை, 1929ல ஒரு ஜர்னல்ல சில பக்கத்துக்கு வந்த குறிப்புல ஆரம்பிச்சது, இப்ப ஓடுறது ஏழாவது பதிப்பு. ஆசிரியர் பேரு பக்கத்துலயே வருஷம் ஏன் நிக்குதுன்னு யோசிச்சிருக்கியா? அந்தத் துறையில ஒரு ஆராய்ச்சி எவ்ளோ புதுசுன்றது பெரிய விஷயம், அதான். வரலாறு படிக்கிறவங்களுக்கு பிரச்சனையே வேற, நம்ம ஆதாரம் பாதி ஃபைலு, கடிதம், போலீஸ் ரிப்போர்ட், பேப்பர், அதுல நிறையத்துக்கு ஆசிரியர் பேரே கிடையாது, அத்தன விவரத்தையும் அடைப்புக்குறிக்குள்ள திணிச்சா வரியே படிக்க வராது. அதனாலதான் வரலாற்றுக்காரங்க சிகாகோ முறையில அடிக்குறிப்பு போடுறாங்க, அது 1906ல வந்த மேனுவல், 2024ல 18வது பதிப்பு வந்திருக்கு. கைடுகிட்ட மரியாதையா கேளு, சார் நம்ம யுனிவர்சிட்டி விதிமுறையில ஏபிஏ-தான்னு இருக்கா, இல்ல ஒரே முறையா இருந்தா போதும்னு இருக்கான்னு. பல இடத்துல ரெண்டாவதுதான் இருக்கும். மாத்த முடிஞ்சா உன் தலைப்புக்கு சிகாகோ அடிக்குறிப்புதான் பொருந்தும், இது என் தெளிவான கருத்து. முடியாதுன்னா ஏபிஏ-லயே பண்ணலாம், கொஞ்சம் வளைக்கணும், அவ்ளோதான். நம்பர் போடுற முறைங்க, ஐஈஈஈ, வான்கூவர் எல்லாம் இஞ்சினியரிங், மெடிக்கல் ஆளுங்களுக்கு, உனக்கு வேணாம்.

இப்ப பேரு விஷயத்துக்கு வரேன், நம்ம பசங்க எல்லாரும் விழுற குழி இதுதான். ஏபிஏ கடைசிப் பேர முன்னாடி போடு, மத்தத இனிஷியலா சுருக்குன்னு சொல்லும், அதாவது குடும்பப் பேரு ஒண்ணு இருக்குன்னு நெனச்சு எழுதுன விதி. நமக்கு குடும்பப் பேரே இல்ல, அப்பா பேரு இனிஷியல். சர் சி.வி. ராமனையும் அவர் அண்ணன் மகன் எஸ். சந்திரசேகரையும் எடுத்துக்கோ, ஒரே குடும்பத்துல ரெண்டு நோபல், ஆனா பொதுவா ஒரு குடும்பப் பேரு கிடையாது. ராமன், சி. வி. அப்டின்னும் சந்திரசேகர், எஸ். அப்டின்னும்தான் போடணும். அந்த எஸ்-ன்றது சுப்பிரமணியன், அவர் அப்பா. செஸ் ஆனந்த வெளிநாட்டுல மிஸ்டர் விஸ்வநாதன்னு கூப்புட்டா அது அவர் அப்பாவ கூப்புடுறதுதான். அதே தப்பு ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல நடந்தா ஒரு பொண்ணு கஷ்டப்பட்டு எழுதுன கட்டுர அவங்க அப்பா பேருல போய் நிக்கும். பாஸ்போர்ட்டுக்காக இனிஷியல விரிச்சு பேருக்குப் பின்னாடி போட்டவங்களுக்கு கூகுள் ஸ்காலர்ல இது தினமும் நடக்குது.

அதனால விதி இப்டி வச்சுக்கோ. இனிஷியல் முன்னாடியோ பின்னாடியோ எங்க இருந்தாலும் சரி, எந்தப் பேர சொல்லி அவர கூப்புடுவாங்களோ அது முன்னாடி வரணும், இனிஷியல் பின்னாடி. குடும்பப் பேரு உண்மையிலயே இருக்குறவங்களுக்கு மட்டும் குடும்பப் பேரு. உன் தலைப்புலயே ரெண்டும் இருக்கு பாரு, 1918 ஏப்ரல் 27 ஆரம்பிச்ச சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு தலைவர் பி.பி. வாடியா, பார்சிக்காரர், வாடியா நெஜமாவே குடும்பப் பேரு, அப்போ வாடியா, பி. பி. துணைத்தலைவர் திரு.வி.க., அவர் பேரு கல்யாணசுந்தரம், வி-ன்றது அப்பா விருத்தாசலம், திரு-ன்றது திருவாரூர். அந்த திரு மரியாதைக்குப் போட்டதுன்னு நெனச்சு வெட்டிட்டு வி. கல்யாணசுந்தரம்னு போட்ட தீசிஸ நானே திருத்தியிருக்கேன். ஊர வெட்டக்கூடாது பா, இங்கிலீஷ்ல டி. வி. ரெண்டும் வரணும். இந்தப் பேரு குழப்பத்த நமக்கு முன்னாடி உக்காந்து யோசிச்சவர் மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியன் எஸ்.ஆர். ரங்கநாதன், 1934ல அவர் போட்ட கேட்டலாக் விதியில இந்தியப் பேருங்கள எப்டி அடுக்குறதுன்னு தனியா வேல பண்ணியிருக்கார், தன் பேரையே ரங்கநாதன்னு முன்னாடி போட்டு எஸ் ஆர்-ர பின்னாடி அடைப்புக்குறியில வப்பார். கைடு கேட்டா தைரியமா அவர சொல்லு.

ஸ்பெல்லிங்கும் பாத்துக்கோ. சிங்காரவேலர், சிங்காரவேலு, சிங்காரவேலு செட்டியார், எல்லாம் ஒரே தொழிற்சங்கத் தலைவர்தான், பீச் ஸ்டேஷன் பக்கம் கலெக்டர் ஆபீஸ் கட்டடத்துக்கு அவர் பேருதான் வச்சிருக்கு. புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு மாதிரி இருக்கும். எழுதுறப்ப உன் வரியில ஒரே வடிவம் வச்சுக்கோ, ரெஃபரன்ஸ்ல மட்டும் அந்தப் புத்தகத்து அட்டையில என்ன இருக்கோ அத அப்டியே போடு, ஏன்னா தேடுறவர் அட்டையில இருக்குறதத்தான் தேடுவார்.

தமிழ்ப் புத்தகத்த இங்கிலீஷ் தீசிஸ்ல போடுறப்ப, தலைப்ப ரோமன் எழுத்துல அப்டியே எழுதி, பக்கத்துல சதுர அடைப்புக்குறிக்குள்ள இங்கிலீஷ் அர்த்தம் குடுக்கணும், ஏபிஏ கேக்குறது இதத்தான். அர்த்தத்த மட்டும் போட்டா எந்த லைப்ரரியிலயும் அந்தப் புத்தகத்த யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. ழ-வ எப்டி எழுதறதுன்னு ஒரு முடிவு பண்ணிக்கோ, மெட்ராஸ் யுனிவர்சிட்டி தமிழ் லெக்சிகன் முறை இருக்கு, அத எடுத்தா கடைசி வரைக்கும் அதே, நடுவுல இஸட்-எச் (zh) ஸ்பெல்லிங்குக்கு தாவக்கூடாது.

வருஷம் இன்னொரு தலவலி. திரு.வி.க. வாழ்க்கைக் குறிப்புகள் மொதல்ல வந்தது 1944, ஆனா உன் கையில இருக்குறது பின்னாடி வந்த பதிப்பு, பக்க எண் மாறியிருக்கும். ரெண்டு வருஷமும் குடு, பக்கம் உன் கையில இருக்குற பதிப்போடது. 1944னு மட்டும் போட்டுட்டு புது பதிப்போட பக்கத்த குடுத்தா விலாசம் தப்பு. பழைய துண்டுப் பிரசுரம் எடுத்தா துன்மதி வருஷம் ஆவணின்னு போட்டிருக்கும். துன்மதி 1921 ஏப்ரல் நடுவுல இருந்து 1922 ஏப்ரல் நடு வரைக்கும், அப்ப ஆவணின்னா 1921 ஆகஸ்ட், செப்டம்பர், அதே பங்குனின்னா 1922. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவ அதே பேரு திரும்ப வரும், 1981லயும் துன்மதிதான். அதனால தமிழ் வருஷத்த அப்டியே எழுதிட்டு பக்கத்துல ஆங்கில வருஷத்த நீ கணக்கு போட்டதுன்னு தெரியுற மாதிரி சதுர அடைப்புல குடு.

ஜி.ஓ.வுக்கு நம்பர் மட்டும் போட்டா ஒண்ணுக்கும் உதவாது. நம்பர் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி, வருஷா வருஷம் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும். அப்போ நம்பர், முன்னாடி இருக்குற எம்.எஸ். மாதிரி வரிசை எழுத்து, துறை, முழு தேதி, எந்தக் காப்பகம், நாலஞ்சும் வேணும். இத நான் அடிபட்டு கத்துக்கிட்டேன். என் தீசிஸ்ல ஒரு அரசாணைய, தீசிஸ் எல்லாம் ஏத்தி வச்சிருக்குற ஷோத்கங்கா வெப்சைட்டுல கிடைச்ச வேறொரு தீசிஸ்ல இருந்து அப்டியே எடுத்து, நானே ஃபைல பாத்த மாதிரி போட்டுட்டேன். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) ரெண்டு வாரம் முன்னாடி மனசு கேக்காம காந்தி இர்வின் ரோடு காப்பகத்துக்குப் போய் ஃபைல கேட்டு வாங்குனா, அதே நம்பர், ஆனா ஏதோ பாலம் ரிப்பேர் பத்தின ஆணை. அங்கயே உக்காந்து மூணு நாள் தேடி சரியான ஃபைல எடுத்தேன், அந்த தீசிஸ்ல ரெண்டு எண் எடம் மாறியிருக்கு. அன்னைல இருந்து கண்ணால பாக்காத ஃபைல பாத்ததா எழுதறதில்ல. நீ இன்னொருத்தர் புத்தகம் வழியா பாத்திருந்தா அத அப்டியே சொல்லு, இன்ன ஆணை, இன்னார் நூல்ல எடுத்துக்காட்டப்பட்டதுன்னு. ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல நீ படிச்ச புத்தகம் மட்டும் வரட்டும். இதுல ஒரு அவமானமும் கிடையாது.

பேப்பர் கட்டிங்குக்கு தேதியும் பக்கமும். தேதிய விடவே கூடாது, ஏன்னு நம்ம ஏரியாவுலயே பாத்தோம். 2017 ஜனவரி 28 எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சே, பசங்க பக்கெட்டால அள்ளுனாங்களே, அப்ப மொத ரெண்டு நாள் பேப்பர்ல வந்த அளவு வேற, ஒரு வாரம் கழிச்சு வந்த அளவு வேற. பேப்பர் பேரு மட்டும் போட்டு தேதி போடலன்னா நீ எந்த அளவ நம்புனன்னு யாருக்கும் தெரியாது. 1921க்கும் அதேதான், சர்க்கார் ரிப்போர்ட் ஒண்ணு சொல்லும், சுதேசமித்திரன் ஒண்ணு சொல்லும், ஆதிதிராவிடத் தொழிலாளிங்களும் மத்தவங்களும் பிரிஞ்சு நின்ன அந்த ஸ்ட்ரைக் சமயத்துக் கலவரத்துல யாரு வீடு மொதல்ல எரிஞ்சதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. எந்தக் குரல் எதுன்னு உன் அடிக்குறிப்புதான் காட்டணும். போலீஸ் சொன்னத உன் சொந்த வாக்கியமா எழுதிட்டு கீழ ஒரு நம்பர் போட்டா பத்தாது, வரியிலயே போலீஸ் அறிக்கைப்படின்னு எழுது.

இப்ப உங்க தாத்தா. ஏபிஏ-ல ரெண்டு விஷயத்த எல்லாரும் கலக்குறாங்க. கடிதம், போன், மெயில்னு தனிப்பட்ட முறையில ஒருத்தர்கிட்ட கேட்டது வரிக்குள்ள மட்டும் வரும், லிஸ்ட்ல வராது, ஏன்னா படிக்கிறவர் போய் பாக்க முடியாது. ஆனா நீ ஆராய்ச்சிக்காகவே எடுத்த பேட்டி அது கூட கிடையாது, அது உன் தரவு, அத எப்டி எடுத்தன்னு ஆய்வுமுறை அத்தியாயத்துல சொல்லணும், சைட்டேஷனே போடத் தேவயில்லன்னு ஏபிஏ சொல்லுது. உளவியலுக்கு அது சரி, அங்க ஆளோட அடையாளத்த மறைக்கணும். உனக்கு? முப்பது வருஷம் ஸ்பின்னிங்ல நின்னவர், பேரு வரணும்னு அவரே ஆசப்படுறார், அவர் வார்த்தைய எடுத்துட்டு பேர விட்டா, போலீஸ் ரிப்போர்ட்டுக்கு நம்பர், தேதி, துறை எல்லாம் இருக்கு, மில்லுல உழச்சவருக்கு ஒண்ணும் இல்லன்னு ஆயிடும். எனக்கு அது ஏத்துக்கவே முடியாது.

தமிழ்த் துறையில நாட்டார் வழக்காறு பண்றவங்க ரொம்ப காலமா தகவலாளர் பட்டியல்னு பின்னிணைப்புல போடுறாங்க பாரு, அத நீ எடுத்துக்கோ. பேரு, வயசு, மில்லுல எந்தப் பிரிவு, எந்த வருஷத்துல இருந்து எது வரைக்கும், பேட்டி எடுத்த எடம், தேதி, எத்தன நிமிஷம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு குறியீட்டு எண் குடு, வரியில அந்த எண்ணும் ரெக்கார்டிங்ல எத்தனாவது நிமிஷம்னும் வரட்டும், அதுதான் பக்க எண் மாதிரி. பேரு வேணாம்னு சொல்றவங்களுக்கு எண் மட்டும். ரெக்கார்டிங் உன் போன்ல மட்டும் இருந்தா அதுவும் விலாசம் இல்ல, போனு தொலஞ்சா எல்லாம் போச்சு, சம்மதம் வாங்கிட்டு டிபார்ட்மென்ட் லைப்ரரியில ஒரு காப்பி குடு. அப்டி குடுத்துட்டா அது காப்பகத்துல இருக்குற ஆதாரம் ஆயிடுது, ஏபிஏ லிஸ்ட்லயே முறையா சேக்கலாம்.

இன்னொண்ணு கவனி. 1921ல உங்க தாத்தா பொறக்கவே இல்ல. எங்கப்பா சொல்லுவாருன்னுதான அவர் ஆரம்பிக்கிறார்? நான் மேல சொன்ன ஜி.ஓ. கதைதான் இது, ஒருத்தர் வழியா இன்னொருத்தர். தாத்தாவோட அப்பா பாத்தது, தாத்தா கேட்டது, நீ பதிஞ்சது, மூணு படியும் வரியில தெரியணும். அப்டி எழுதுனா அந்த ஆதாரம் பலவீனமா ஆகாது, எங்க நிக்குதுன்னு நேர்மையா தெரியும். வளையாபதி முழுசா கிடைக்கலன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்ப, நம்மகிட்ட இருக்குற 72 பாட்டும் உரையாசிரியருங்க எடுத்துக்காட்டுனதுலயும் புறத்திரட்டுன்ற பழைய தொகுப்புலயும் தப்பிச்சு வந்ததுதான். ஆனா நிறைய எடத்துல உரையாசிரியருங்க நூல் பேர சொல்லாமலே பாட்ட மட்டும் குடுத்துட்டாங்க, அதுல சிலது எந்த நூலோடதுன்னு இன்னிக்கும் சண்ட நடக்குது. பேர எழுதி வை பா.

34 பர்சென்டுக்கு பயந்துடாத, ஆனா அலட்சியமும் வேணாம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி 10 வரைக்கும் தண்டன கிடையாது, 10க்கு மேல 40 வரைக்கும்னா திருத்தி 6 மாசத்துக்குள்ள மறுபடி குடுக்கணும், 40ல இருந்து 60னா ஒரு வருஷம் குடுக்கவே முடியாது, 60க்கு மேல போனா ரிஜிஸ்ட்ரேஷனே ரத்து. ஆனா அந்தக் கணக்குல ஆதாரம் சொல்லி எடுத்த மேற்கோள், ரெஃபரன்ஸ் லிஸ்ட், முகவுரை, நன்றியுரை, சட்ட வாசகம் எல்லாம் சேராது, தற்செயலா ஒத்துப்போற 14 வார்த்தை வரைக்கும் விட்டுடலாம்னும் இருக்கு. மொதல்ல மேற்கோளையும் லிஸ்டையும் கழிக்கிற ஃபில்டர போட்டாங்களான்னு கேளு. ஜி.ஓ. வாசகத்த நீளமா எடுத்து மேற்கோள் குறி போடாம விட்டிருந்தா மெஷின் அத உன் வரின்னு நெனச்சிருக்கும். மிச்சம் நிக்கிறது எதுன்னு வரி வரியா பாரு. அங்க நெஜமாவே எடுத்திருந்தா புத்தகத்த மூடி வச்சுட்டு, புரிஞ்சத உன் வார்த்தையில எழுதி, ஆதாரம் போடு. வார்த்தைக்கு வார்த்தை வேற சொல்ல மாத்துற சாஃப்ட்வேர் பக்கம் போகவே போகாத. இங்க ஒரு விஷயம் மனசு வலிச்சு சொல்றேன், தமிழ்ப் புத்தகத்துல இருந்து பக்கம் பக்கமா இங்கிலீஷ்ல மொழிபெயர்த்துட்டு பேரு போடாம விடுறவங்க இருக்காங்க, மெஷின் புடிக்காது, பர்சென்ட் ஜீரோ காட்டும். தமிழ்ல எழுதுனவர் உழைப்பு அது. மெஷின் புடிக்காட்டியும் திருட்டு திருட்டுதான்.

டைப்பிங் பத்தி சுருக்கமா. வண்ணாரப்பேட்டையிலயோ மின்ட் பக்கமோ டிடிபி கடையில குடுக்குறதா இருந்தா யூனிகோட்ல அடிங்கன்னு மொதல்லயே சொல்லிடு. பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சா வேற கம்ப்யூட்டர்ல கிறுக்கலாத்தான் தெரியும், தேடவும் வராது. தமிழ் எழுத்த சாய்ச்சா அசிங்கமா இருக்கும், அதனால தமிழ் லிபியிலயே தலைப்பு வர எடத்துல தடிச்ச எழுத்து, ஆனா எல்லா எடத்துலயும் அதே. ரெஃபரன்ஸ்ல ரெண்டாவது வரி அரை இன்ச் உள்ள போகணும், அத ஸ்பேஸ் தட்டி கொண்டு வராத, பாரா செட்டிங்ல ஹேங்கிங்னு இருக்கு. 40 வார்த்தையோ அதுக்கு மேலயோ போற மேற்கோள ஏபிஏ-ல தனி பத்தியா உள்ள தள்ளணும், குறி போடக்கூடாது. அடிக்குறிப்புல மேலதுன்னு (இபிட், அதாவது முந்தின குறிப்புல சொன்ன அதே நூல்) போடுறத எழுதி முடிக்கிற வரைக்கும் தொடாத, நடுவுல ஒரு புது குறிப்பு நுழைச்சா மேலது வேற புத்தகத்த காட்டும், சிகாகோவே இப்ப அத வேணாம்னு சொல்லி சுருக்குத் தலைப்பு போடச் சொல்லுது.

ரெஃபரன்ஸ சேத்து வைக்கிற ஸொட்டெரோ சாஃப்ட்வேர இறக்கிக்கோ, இலவசம். ஆனா பேரு பெட்டி ரெண்டா பிரிஞ்சு இருக்கும், அத ஒரே பெட்டியா மாத்துற பட்டன் பக்கத்துலயே இருக்கு, நம்ம பேருங்களுக்கு தேவப்பட்ட எடத்துல அத பயன்படுத்து. தானா வர விவரத்த நம்பாம ஒவ்வொண்ணையும் அட்டையோட வச்சுப் பாரு. ஏஐ-கிட்ட ரெஃபரன்ஸ் லிஸ்ட் கேட்டு வாங்கவே வாங்காத, இல்லாத புத்தகத்துக்கு பதிப்பகம், பக்கம் எல்லாம் போட்டு அழகா குடுக்கும். போன வருஷம் ஒரு பொண்ணு கொண்டு வந்த லிஸ்ட்ல ஒம்போது கட்டுர, ஒண்ணு கூட எங்கயும் இல்ல, அவளுக்கே தெரியல, அழுதுட்டா.

வேலைய இந்த வரிசையில பண்ணு. அஞ்சு பேர்ல ரெண்டு பேருக்கு எண்பது தாண்டியாச்சுன்னு எழுதியிருந்த இல்ல, இந்த ஞாயித்துக்கிழம மொதல்ல அவங்க வீட்டுக்குப் போ. ரெக்கார்டிங்க அவங்களுக்குப் போட்டுக் காட்டு, பேரு போடலாமான்னு கேளு, வேலைக்கு சேந்த வருஷம், பிரிவு, டோக்கன் நம்பர் ஞாபகம் இருந்தா அதுவும் எழுதிக்கோ, தமிழ்ல எழுதுன சம்மதத் தாள்ல கையெழுத்து வாங்கு, கையெழுத்து வராதுன்னா அவங்க சம்மதத்த வாயால சொல்றத ரெக்கார்ட் பண்ணு. எழும்பூர் ஃபைலு எங்கயும் போகாது, அடுத்த வாரம் பாத்துக்கலாம். தகவலாளர் பட்டியல் மாதிரிப் படிவம் என்கிட்ட இருக்கு, கேளு, அனுப்புறேன்.